கிளிநொச்சி அறைக்குச் சனி ஞாயிறு ஆட்கள் வந்தால்: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

கிளிநொச்சியில் வேலை கிடைத்து, ஏ-9 வீதிக்கு உள்ளே ஏதோ ஒரு ஒழுங்கையில் அறை எடுத்து இருப்பவர்களுக்கு வார நாள்கள் பெரிய பாடில்லை. எட்டரைக்குக் கந்தோர், நாலேகாலுக்கு விடுதலை, வழியில் கொஞ்சம் மரக்கறி, இரவுக்குக் கடை இடியப்பம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு அழைப்பு வரும்: "தம்பி, நாளைக்கு அங்கால வாறம், மூண்டு பேர்." அதோடு கணக்கெல்லாம் மாறும். மூன்று பேர் என்றால் நான்கு என்றே எண்ணுங்கள். பெரியம்மாவின் பேத்தி ஒன்று எப்படியும் தொற்றிக்கொண்டு வரும்.

இந்த அழைப்புக்காகக் காத்திருக்காமல் வியாழன் இரவே நீங்களே எடுத்துக் கேட்பது நல்லது. எத்தனை பேர், எந்த பஸ், யாராவது விரதமா, யாருக்காவது சீனி வருத்தமா என்ற நாலு கேள்வி போதும். கலண்டரையும் ஒருமுறை பாருங்கள். போயா என்றால் இறைச்சிக் கடை பூட்டு. வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மச்சம் கிடையாது, உங்கள் வீட்டுக்காரர் வீடும் அப்படியாக இருக்கலாம்.

ஆட்கள் வருகிறார்கள் என்றதும் பலர் முதலில் ஓடுவது கோழிக் கடைக்கு. அது பிழை. சாப்பாடு குறைந்தால் கடை இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளியலறையில் குழாய் காற்றை மட்டும் விட்டால் அதற்குக் கடை கிடையாது.

கணக்கைப் பாருங்கள். வாளியில் அள்ளிக் குளித்தால் ஒருவருக்கு மூன்று வாளி, அதாவது ஏறக்குறைய 50 லீற்றர். கழிப்பறைக்கு ஒரு நாளில் இன்னும் 40 லீற்றர். உங்களோடு சேர்த்து ஐந்து பேர் என்றால் ஒரு நாளைக்கு 450 லீற்றர். பல வாடகை வீடுகளில் கூரைக்கு மேல் இருப்பது 500 லீற்றர்த் தாங்கி, அதிலும் வீட்டுக்காரர் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. ஆகவே சனி காலை ஒன்று, சனி இரவு ஒன்று, ஞாயிறு காலை ஒன்று என்று மூன்று தடவை மோட்டாரைப் போட வேண்டிவரும். எப்போது போடலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி, புரட்டாதியில் வன்னிக் கிணறுகள் அடியில் போய்விடும். நீர்மட்டம் ஃபுட் வால்வுக்கு (கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருக்கும் வால்வு) கீழே இறங்கினால் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். சத்தம் வழமையைவிட மெலிதாகி, ஒரு கீச்சொலி சேரும். சுவிட்ச் போட்டு ஐந்து நிமிடத்துக்குள் தாங்கியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்காவிட்டால் உடனே நிறுத்துங்கள். வெறுமனே ஓடினால் உள்ளே இருக்கும் சீல் சூடேறிக் கருகிவிடும், அந்தச் செலவு உங்கள் தலையில்தான். அரை மணி நேரம் விட்டுக் கிணறு ஊறிய பிறகு பம்பின் மேலே உள்ள மூடியைத் திறந்து, குமிழி வராமல் நிற்கும் வரை தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டு மறுபடி போடுங்கள். ஊற்ற ஊற்றத் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருந்தால் ஃபுட் வால்வில் குப்பை மாட்டியிருக்கிறது அல்லது அது தேய்ந்துவிட்டது. அதில் நீங்கள் கைவைக்காதீர்கள், வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இதற்காகவே மூடி போட்ட வாளி ஒன்றில் தண்ணீர் எப்போதும் தனியே இருக்க வேண்டும். பம்புக்குள் ஊற்றவே ஒரு சொட்டு இல்லாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடுகிற காட்சி ஞாயிறு காலைகளில் வழமைதான்.

குடிக்கிற தண்ணீர் வேறு கணக்கு. இந்த வெயிலுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றர், அதற்கு மேல் தேநீர், சமையல். ஐந்து பேருக்கு இரண்டு நாளைக்கு 20 லீற்றர்க் கேன் இரண்டு வேண்டும், ஒன்று காணாது. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி போகும், கல்லுத்தன்மைக்குக் காரணமான உப்புகள் முழுதாகப் போகாது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் அது. அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரின் மேல் ஆடை மாதிரி ஒன்று மிதக்கும். பருப்பு அதைவிட மோசம், முக்கால் மணித்தியாலம் கொதித்தாலும் கல்லாகவே நிற்கும். தண்ணீரில் உள்ள கல்சியம் பருப்பை இறுக்கிவிடுவதுதான் காரணம். பருப்புக்கும் தேநீருக்கும் வடிகட்டின தண்ணீர், பாத்திரம் கழுவக் கிணற்றுத் தண்ணீர் என்று பிரித்துவிடுங்கள். கேத்தலை முதல் நாளே பாதி தண்ணீர், பாதி வினாகிரி விட்டுக் கொதிக்க வைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டுத் தேய்த்தால் படிவு விட்டுப்போகும். பெரியம்மாமார் முதலில் பார்ப்பது கேத்தலைத்தான்.

வீட்டுக்கார அன்ரியிடம் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். யார், என்ன உறவு, எத்தனை இரவு, எப்போது கிளம்புவார்கள் என்ற நாலும் ஒரே மூச்சில் வர வேண்டும்: "அன்ரி, சனி காலமை அண்ணாவும் அண்ணியும் பெரியம்மாவும் வருகினம், ஞாயிறு பின்னேரம் வெளிக்கிட்டிடுவினம். தண்ணி மோட்டர் நான் பாத்துப் போடுறன், கரண்ட் காசு கூடினா நான் தாறன்." கடைசி வசனத்தை விழுங்கிவிடாதீர்கள். மின்கட்டணம் அலகு கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுகிற முறை. உங்கள் ஆட்களின் இரண்டு நாள் அவர்களை மேல் படிக்குத் தள்ளிவிடலாம். பெண்பிள்ளைகள் தங்கும் அறைகளில் ஆண் உறவினர் இரவு தங்கலாமா என்று கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம். அண்ணா தங்க இடம் இல்லை என்றால் லொட்ஜ் ஒன்றை முதலே பேசி வைப்பது மரியாதை.

மின்சாரத்தில் இன்னொரு சிக்கல். ஒரே பிளக்கில் நீட்டு வயர் போட்டு, அதில் கேத்தல், ரைஸ் குக்கர், அயன் மூன்றையும் செருகுவது நம் ஆட்களின் பழக்கம். கேத்தல் 1800 வாட்ஸ், குக்கர் 700, அயன் 1000, ஆக 3500. 13 அம்பியர்ப் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3000. வயர் சூடாகி மணக்கும், அல்லது பிரேக்கர் விழுந்து மின்சாரம் நிற்கும். சட்டையை இரவே அயன் பண்ணுங்கள். காலையில் தண்ணீர் கொதித்த பிறகு குக்கரைப் போடுங்கள்.

படுக்கைக்கு ஆளுக்கொரு மெத்தை தேவையில்லை. பெரியவர்களுக்குக் கட்டில், மற்றவர்களுக்குக் கீழே பாய், அதற்கு மேல் மடித்த போர்வை, பிறகு பெட்சீற். 6 அடிக்கு 6 அடி நுளம்பு வலை ஒன்று மூன்று பேரை மூடும். ஜன்னல் கம்பி, அலுமாரிக் கைப்பிடி, கதவுக் கொளுக்கி, ஆணி என்று நாலு மூலைக்கும் பிடி தேடி வையுங்கள். வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகாவிட்டால் கட்டியும் பயனில்லை. மாரி காலத்தில் நிலம் ஈரம் விடும், பாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் விரிப்புப் போடுங்கள். வெளியே கழற்றி வைத்த சப்பாத்தைக் காலையில் தட்டிப் போடச் சொல்லுங்கள். தேளும் பூரானும் மழைக்கு ஒதுங்குகிற இடம் அதுதான்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருபவர்கள் விடிய முதலே வந்து சேர்வார்கள். நித்திரையில் கிளிநொச்சியைத் தாண்டிப் பரந்தனில் கண் விழிப்பவர்கள் நிறையப் பேர். ஏறும்போதே நடத்துநரிடம் "கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடி" என்று சொல்லிவைக்கச் சொல்லுங்கள். இன்னொரு வழி உண்டு. வடக்கே போகும் வண்டிகள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும், கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிவிட்டுத்தான் வெளிக்கிடும். அங்கிருந்து உங்களுக்கு ஒரு அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுந்து முகம் கழுவி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீதிக்கு வரவும் பஸ் வரவும் சரியாக இருக்கும். கச்சானும் வந்துசேரும். மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும், ஒன்று இரவல் வாங்கி வையுங்கள். விடியற்காலை மெதுவாக ஓட்டுங்கள். இரவுச் சூடு ஆறாத தாரில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும், கறுப்பு மாடு விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும்.

இரண்டு நாளில் நாலைந்து வேளை வரும், அத்தனைக்கும் ஒரு காஸ் அடுப்பில் சமைக்க நினைத்தால் வந்தவர்களோடு இருந்து கதைக்க நேரமிராது. சனி மதியத்தை மட்டும் முழுதாகச் சமையுங்கள். சனி காலை இடியப்பமும் சொதியும் கடையில், இரவு கொத்து, ஞாயிறு காலை புட்டு. நாலைந்து பேருக்குப் புட்டென்றால் வறுத்த சிவப்பரிசி மா இரண்டு சுண்டு (அளவுப் பேணி), அவித்த கோதுமை மா ஒரு சுண்டு, தேங்காய் ஒன்று. கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சுண்டு விளிம்பால் கொத்துங்கள். ஒரேயடியாக ஊற்றினால் களிதான்.

சனி மதியத்துக்குக் குளத்து மீன். கோழி எந்த ஊரிலும் உண்டு, இரணைமடுக் குளத்து மீன் இங்கேதான். காலை வெயில் ஏற முதல் சந்தைக்குப் போங்கள். செவுள் சிவப்பாகவும் கண் பளிச்சென்றும் இருக்கட்டும், வயிற்றை அழுத்தினால் விரல் பள்ளம் நிற்கக் கூடாது. ஜப்பான் மீன் (திலாப்பியா) என்றால் ஐந்து பேருக்கு ஒன்றரைக் கிலோ. தலை, செதில், குடல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழியும். விரால் கிடைத்தால் ஒரு கிலோவே காணும், விலைதான் கூட.

குளத்து மீன் சேறு மணக்கிறது என்று ஒதுக்குபவர்கள் கழுவத் தெரியாதவர்கள். வயிற்றின் உட்புறத்தில் கறுப்புத் தாள் மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும். வெட்டித் தருபவர்கள் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். விரல் நகத்தாலோ கரண்டி விளிம்பாலோ சுரண்டி முழுதாக எடுங்கள், கசப்பில் பாதி அதில்தான். முள்ளந்தண்டோடு ஓடும் இரத்தக் கோட்டையும் கீறிக் கழுவுங்கள். பிறகு ஒரு மேசைக்கரண்டி உப்பும் கரைத்த பழப்புளியும் போட்டுப் பிரட்டி, பத்து நிமிடம் விட்டு, மூன்று தண்ணீரில் அலசுங்கள். அதற்கு மேல் ஊறவிட்டால் சதை தளர்ந்துவிடும்.

சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம் ஒரு தேக்கரண்டி, சின்ன வெங்காயம் பதினைந்து, உள்ளி ஆறு பல்லு, கறிவேப்பிலை. வெந்தயம் கறுக்க விடாதீர்கள், கசக்கும். வறுத்த கறித்தூள் மூன்று மேசைக்கரண்டி, தேசிக்காயளவு பழப்புளியின் கரைசல், கப்பிப்பால் (முதற்பால் எடுத்த பிறகு பிழியும் தேங்காய்ப்பால்) இரண்டு கோப்பை, உப்பு. பச்சைத்தூள் மணம் போகும்வரை கொதித்த பின்தான் மீன். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். அகப்பை போட்டுக் கிளறினால் மீன் உதிரும், சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும். முதற்பால் அரைக் கோப்பை கடைசியில் விட்டு, ஓரம் நுரைக்கத் தொடங்கியதும் இறக்குங்கள். அதைக் கொதிக்க விட்டால் பால் திரைந்து எண்ணெய் தனியே நிற்கும். சின்னப்பிள்ளை இருந்தால் இரண்டு துண்டு மீனைக் குழம்பில் போட முதல் எடுத்துச் சொதியில் போடுங்கள்.

ஐந்து பேருக்கு மொட்டைக்கறுப்பன் அரிசி மூன்றரைச் சுண்டு. அதைச் சின்ன ஒரு லீற்றர்க் குக்கரில் போட்டால் கஞ்சி பொங்கி மேசையெல்லாம் வழியும், அரை மணி நேரம் ஊறவைத்துப் பானையில் வடியுங்கள்.

பின்னேரம் நாலரைக்கு இரணைமடு. ஏ-9இல் வவுனியாப் பக்கம் போய்க் கிழக்கே திரும்ப வேண்டும். மார்கழியில் போனால் குளம் தளதளக்கும், வான் கதவு திறந்திருந்தால் அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். புரட்டாதியில் வெறும் மண் தெரியும், அதை முதலே சொல்லிவிடுங்கள். குளிக்க இறங்க வேண்டாம், முதலை உண்டு. கடல்தான் வேண்டும் என்றால் பரந்தனில் திரும்பி, விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியே முல்லைத்தீவு, பரந்தனிலிருந்து 52 கிலோமீற்றர். திரும்பும்போது வற்றாப்பளைக் கண்ணகி அம்மனையும் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரையும் கும்பிட்டு மாங்குளத்தால் வரலாம், ஆனால் அது முழு நாள் வேலை. மழைக் காலத்தில் முல்லைத்தீவுக் கடலில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். வழியில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கண்ட காணிக்குள் படம் எடுக்கக்கூட இறங்கக் கூடாது. ஓட்டோ பேசும்போது காத்திருக்கும் காசையும் சேர்த்துப் பேசுங்கள், தனியே விட்டால் திரும்பி வந்து நிற்கும்போது தகராறு.

ஞாயிறு பின்னேரம் கொழும்புப் பக்கம் போகும் வண்டிகள் யாழ்ப்பாணத்திலேயே நிரம்பிவிடும். கிளிநொச்சி வீதியில் கை காட்டி இருக்கை கிடைக்கும் என்று பெரியம்மாவை நிறுத்தி வைக்காதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ்ஸில் இருக்கையைப் பதிந்து, ஏறும் இடம் கிளிநொச்சி என்று சொல்லுங்கள். நீண்ட விடுமுறை என்றால் ஒரு கிழமைக்கு முதலே.

அவர்கள் போனதும் கட்டிலில் விழத்தான் மனம் வரும். அதற்கு முதல் பெட்சீற்றுகளை ஊறப்போடாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள், இன்றைக்குத் தோய்க்கத் தண்ணீர் காணாது. மீன் கழிவைப் பூனை இழுக்க முதல் புதையுங்கள். அன்ரிக்கு ஒரு கோப்பை மீன் குழம்பும் மிஞ்சின கச்சானும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மோட்டாரைப் போட்டுத் தாங்கியை நிரப்புங்கள். மூடி போட்ட அந்த வாளியையும்.