கூலியிலிருந்து தொடங்குங்கள்: கறுப்பினப் பெண்களும் பெண்ணியமும் பற்றி ஓர் அமர்வு நடத்த

பன்னிரண்டு பேர், இரண்டு மணி நேரம், ஒரு கரும்பலகை போதும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் மையநீரோட்டப் பெண்ணியத்தோடு ஏன் முழுதாக ஒட்டவில்லை என்பதைக் கோட்பாட்டில் தொடங்கினால், சொல்விளக்கத்திலேயே பாதி நேரம் போய்விடும்.

முதல் 20 நிமிடம் கூலிக்கு. பலகையில் 1935, 1938, 1974 என்று எழுதுங்கள். 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வீட்டு வேலையையும் பண்ணை வேலையையும் விட்டுவிட்டன. வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் அங்கேதான் இருந்தார்கள். வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி வந்தது 1974இல். இப்போது கேளுங்கள்: வீட்டைவிட்டு வேலைக்குப் போவதே விடுதலை என்று பேசப்பட்டபோது, போனவளின் வீட்டைத் துடைத்தது யார்? பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த 50 நிமிடம் ஒரே வழக்குக்கு. ஜெனரல் மோட்டார்ஸின் செயின்ட் லூயிஸ் ஆலை 1964க்கு முன் வெள்ளைப் பெண்களையும் கறுப்பின ஆண்களையும் எடுத்தாலும், கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை. பின்னர் பணிமூப்புப்படி ஆட்குறைப்பு வந்தது. கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் வெளியேற வேண்டும். ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1976 தீர்ப்பு: இங்கே பெண்களும் வேலை பார்த்திருக்கிறார்கள், எனவே பாலினப் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாட்டுக்கு வேறு வழக்கு இருக்கிறது, அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

நான்கு கட்டம் போடுங்கள். மேலே ஆண், பெண். பக்கவாட்டில் வெள்ளை, கறுப்பு. 1964க்கு முன் வேலை கிடைத்தவர்களுக்கு டிக் போடச் சொல்லுங்கள். ஒரு கட்டம் காலியாக நிற்கும். இனி 'பெண்' நெடுவரிசையை மட்டும் பார்த்தால் ஒரு டிக் இருக்கிறது; 'கறுப்பு' வரிசையிலும் ஒரு டிக். தனித்தனியாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தக் காலிக் கட்டம் படவே படாது. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் முன்வைத்த, இனமும் பாலினமும் ஒரே ஆளில் சந்திக்கும் இடத்தைக் குறிக்கும் 'குறுக்குவெட்டு' (intersectionality) என்ற சொல்லை இதற்குப் பிறகே அறிமுகப்படுத்துங்கள். முன்னாலேயே சொன்னால் "இனவெறி கூட்டல் ஆணாதிக்கம்" என்று கணக்காக்கிவிடுவார்கள், அது தவறு.

பெரும்பாலும் வறுமைதான் விடுபட்டுப்போகும். 1973இல் கருக்கலைப்பு உரிமை வந்தது (2022இல் அது நீக்கப்பட்டது). 1976இன் ஹைட் திருத்தம் ஏழைகளின் மெடிக்கெய்டு காப்பீட்டில் அதற்கான மத்திய அரசுப் பணத்தை நிறுத்தியது. அதே 1973இல் அலபாமாவின் மான்ட்கோமரியில் 12, 14 வயதுக் கறுப்பினச் சகோதரிகள் இருவருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத தாய் எக்ஸ் அடையாளமிட்ட காகிதம்தான் 'சம்மதம்'. பிள்ளை பெற்றுக்கொள்ளும் உரிமையும் பறிபோனவர்களிடம் கலைக்கும் உரிமையை மட்டும் பேசினால் அது எப்படிப் போதும்?

"அப்படியானால் அவர்கள் பெண்ணியத்துக்கு வெளியே" என்று யாராவது முடிவுக்கு வந்தால் உடனே திருத்துங்கள். பாஸ்டனின் கறுப்பினப் பெண்கள் குழுவான கம்பாஹீ ரிவர் கலெக்டிவ் 1977 அறிக்கையில் தங்களைப் பெண்ணியவாதிகள் என்றே அழைத்துக்கொண்டது. மீதி நேரத்தில் அதைச் சத்தமாக வாசியுங்கள், ஆளுக்கொரு பத்தியாக.