லட்சத்தீவுப் பயணத்தைத் திட்டமிடும் முறை

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவதென்றால் முதலில் நாளைக் குறித்துவிட்டு, பிறகு பயணச்சீட்டும் அறையும் தேடுகிறோம். லட்சத்தீவுக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே முதலில் நுழைவு அனுமதி, அடுத்து கப்பலிலோ விமானத்திலோ இடம். இவ்விரண்டும் கைக்கு வந்த பிறகே நாளும் தங்குமிடமும் உறுதியாகும். 36 தீவுகளில் மக்கள் வாழ்பவை பத்து மட்டுமே. எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். அதில் 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர் வாழ்கிறார்கள். கப்பல் படுக்கை, விடுதி அறை, குடிநீர் எல்லாமே அங்கே அளவானவை என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால், இந்தப் பயணத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே நீங்கிவிடும்.

எந்த மாதம் போகலாம்

தென்மேற்குப் பருவமழை மே மாத நடுவில் கடலைக் கலக்கத் தொடங்கினால் செப்டம்பர் நடுவரை அடங்குவதில்லை. அந்த மாதங்களில் கப்பல்கள் குறைக்கப்படும், சுற்றுலா ஏற்பாடுகள் பெரும்பாலும் நிறுத்தப்படும், பவளத்திட்டுக்கு வெளியே சிறு படகுகள் போவது ஆபத்தாகிவிடும். அக்டோபர் முதல் மே தொடக்கம் வரை பயணக் காலம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அதற்குள்ளும் வேறுபாடு உண்டு. 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரியைச் சூறையாடிய ஒக்கி புயல் அங்கிருந்து நேரே லட்சத்தீவுக் கடலுக்குள்தான் போனது. ஆகவே அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் புறப்படுவோர் நாட்களைச் சற்றுத் தளர்வாக வைத்துக்கொள்வது நல்லது. என் கருத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே சிறந்தது. கடல் அமைதியாக இருக்கும், நீர் தெளிந்திருக்கும், ஏப்ரலின் புழுக்கமும் இராது. பள்ளிக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏப்ரலைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம்; அப்படியானால் மாத நடுவுக்குள் திரும்பிவிடுவது போலத் திட்டமிட வேண்டும்.

அனுமதி

லட்சத்தீவைச் சேர்ந்தவர்கள், பணிக்காகப் போகும் அரசு ஊழியர்கள் போன்றோரைத் தவிர மற்றவர்களுக்கு, இந்தியக் குடிமக்களுக்கும்கூட, 1967ஆம் ஆண்டு விதிகளின்படி நுழைவு அனுமதி வேண்டும். இதற்கான விண்ணப்பம் லட்சத்தீவு நிர்வாகத்தின் இ-பெர்மிட் இணையதளத்தில் செய்யப்படுகிறது. அடையாள அட்டை, புகைப்படம் ஆகியவற்றோடு காவல்துறைச் சான்றும் கேட்கப்படுவதுண்டு. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மாநிலக் காவல்துறையின் இணையச் சேவை வழியாகவே இதற்கு விண்ணப்பிக்கலாம் என்றாலும், சான்று கைக்கு வரச் சில வாரங்கள் ஆகக்கூடும் என்பதால் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது பாதுகாப்பானது. விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது திருத்தப்படுவதால், நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு செய்ததைக் கேட்டு அப்படியே செய்யாமல், விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் உள்ளதைப் படித்துச் செய்ய வேண்டும்.

அனுமதிச் சீட்டில் நீங்கள் போகவிருக்கும் தீவுகளின் பெயர்கள் இருக்கும். அகத்திக்கு அனுமதி வாங்கியவர் அங்கே போன பிறகு மனம் மாறி மினிக்காய்க்குக் கப்பல் ஏற முடியாது. எனவே எந்தத் தீவு என்ற முடிவை விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் தாமே செய்ய விரும்பாதவர்களுக்கு, நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ‘ஸ்போர்ட்ஸ்’ (SPORTS) நடத்தும் தொகுப்புப் பயணங்கள் ஏற்றவை. அனுமதி, கப்பல், உணவு, தங்குமிடம் நான்கும் ஒரே பதிவில் அடங்கிவிடும். தனியார் முகவர் வழியாகப் போகிறவர்கள், அனுமதி எண் கைக்கு வரும் முன் முழுத்தொகையையும் செலுத்திவிடக் கூடாது.

கப்பலும் விமானமும்

இரண்டுக்கும் முதன்மையான வாசல் கொச்சி. சென்னையிலிருந்து ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எர்ணாகுளம் சந்திப்பில் இறங்கலாம். கோவையிலிருந்து பகல் வண்டிகளே நிறைய உண்டு. கப்பல் ஏறும் இடம் வெல்லிங்டன் தீவில், நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. விமான நிலையமோ நெடும்பாசேரியில், நகரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், ரயிலிலிருந்து இறங்கி விமானம் பிடிக்க நினைப்பவர்கள் கொச்சியின் காலை நேர நெரிசலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விமானம் அகத்திக்குப் போகிறது. தீவின் தென்முனையில், இருபுறமும் கடல் இருக்க, நடுவில் ஓடுபாதை மட்டும் நீண்டு கிடக்கும். அது குறுகியது என்பதால் சிறிய ஏடிஆர் வகை விமானங்களே இறங்குகின்றன. பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பெட்டியின் எடை வரம்பு கண்டிப்பானது. இருக்கைகள் குறைவாதலால், பயணக் காலத்தில் கடைசி வாரத்தில் சீட்டு தேடுவது வீண்.

கப்பல் வேறு வகையான பயணம். கொச்சியிலிருந்து 287 கிலோமீட்டரில் கல்பேனி, 404 கிலோமீட்டரில் கவரத்தி. தீவையும் கப்பலையும் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம் வரை ஆகும். 700 பேர் வரை ஏற்றும் எம்.வி. கவரத்தியில் தனி அறை முதல் பொதுக்கூடப் படுக்கை வரை பல வகுப்புகள் உண்டு. ஒன்றை மறக்கக் கூடாது: இந்தக் கப்பல்கள் தீவு மக்களின் பேருந்துகள். மருத்துவமனைக்குக் கொச்சி வந்து திரும்புகிற முதியவர்களும், கல்லூரி விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர்களும் அதே படுக்கைகளை நம்பித்தான் இருக்கிறார்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பதே முறை.

பல தீவுகளில் கப்பல் கரையோரம் வர முடியாது. பவளத்திட்டுக்கு வெளியே நின்றுவிடும். அப்போது கப்பலின் பக்கவாட்டில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவு திறக்கும். அதையொட்டி வந்து நிற்கும் படகு அலையோடு ஒரு ஆள் உயரம்கூட ஏறி இறங்கும். வாசலில் நிற்கும் ஊழியர் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அலையையே பார்த்திருப்பார்; படகு மேலெழும்பி வாசலுக்குச் சமமாக வரும் நொடியில் அவர் சொன்னதும், தயங்காமல் காலை எடுத்து வைக்க வேண்டும். தயங்கினால் படகு கீழே போய்விடும். அடுத்த அலைக்காகப் பொறுக்க வேண்டியதுதான், பாதி மனத்தோடு குதிக்கக் கூடாது. இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும் என்பதால் சக்கரப் பெட்டியை விட்டுவிட்டு முதுகுப்பையில் சாமான்களை அடக்குங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் விமானத்தில் அகத்திக்குப் போய் அங்கேயே தங்குவது மேல். குமட்டல் வருமென்று தெரிந்தவர்கள் மாத்திரையை மருத்துவரைக் கேட்டு, கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை.

எந்தத் தீவு

ஐந்து நாளில் ஐந்து தீவு பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடும்படி எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். தீவுகளுக்கிடையே உள்ள தூரம் வரைபடத்தில் தெரிவதைவிட மிக அதிகம். மினிக்காய் மற்றத் தீவுகளிலிருந்து ஒன்பது டிகிரி கால்வாய் எனப்படும் அகன்ற கடற்பகுதியால் பிரிக்கப்பட்டு, கல்பேனிக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் தனித்துக் கிடக்கிறது. பல தீவுகளைப் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்களுக்காகச் ‘சமுத்திரம்’ என்ற ஐந்து நாள் கப்பல் தொகுப்பு இருக்கிறது: கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றிலும் பகலில் இறங்கி, இரவில் கப்பலிலேயே உறங்குவது. உங்கள் மாதத்தில் அது ஓடுகிறதா என்று முன்பே கேட்டு உறுதிசெய்யுங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு அது வசதிதான். ஆனால் விடியற்காலை லகூனையும் (பவளத்திட்டுக்கு உள்ளே அடங்கிய கடற்பரப்பு) இரவு வானத்தையும் கரையில் இருந்து காணும் வாய்ப்பு அதில் கிட்டாது.

ஒரு தீவிலேயே தங்குவதானால் என் தேர்வு கத்மத். ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்திலும் அரைக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் மெல்லிய தீவு அது; மிதிவண்டியில் ஒரு காலையில் முழுவதையும் சுற்றலாம், ஸ்கூபா (மூச்சுக்கருவியோடு நீருக்குள் மூழ்குவது) பயிற்சியும் அங்கே உண்டு. அகத்தி, விமானம் இறங்கும் இடம் என்பதோடு, பச்சைக் கடலாமைகள் லகூனில் கடற்புல் மேய்வதைக் காண ஏற்ற இடம். பங்காரம், திண்ணகரை இரண்டும் அங்கிருந்து படகில் எட்டும் தூரத்தில் ஒரே லகூனைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. கல்பேனியின் கிழக்குக் கரையில் 1847 புயல் அள்ளிப் போட்டதாகச் சொல்லப்படும் பவளச் சிதறல்களின் பெருங்குவியல் இன்றும் கிடக்கிறது.

மினிக்காய் இவற்றுக்கெல்லாம் வேறானது. மற்றத் தீவுகளில் பேசப்படும் மலையாளத்தின் கிளைமொழியைத் தமிழர் ஓரளவு புரிந்துகொள்ளலாம். மினிக்காயில் பேசப்படும் மஹல் மாலத்தீவு மொழியோடு உறவுடையது. எழுத்தும் வலமிருந்து இடமாக எழுதப்படும் தானா எழுத்து. 1885இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்த்தால், பிறை வடிவத் தீவும் அதை வளைத்த திட்டும் முழுதாகத் தெரியும். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் மாசிக்கருவாடு என்று நாம் வாங்குவது, சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்துச் செய்வது. இதை அங்கே வீட்டுத் தொழிலாகவே செய்கிறார்கள். தூண்டிற்கழியால் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் சூரைதான் அதற்கு மூலப்பொருள். நாட்கள் அதிகம் உள்ளவர்கள் மினிக்காய்க்குப் போகலாம். அவசரக்காரர்களுக்கு அது ஏற்றதன்று.

லகூனுக்குள் இறங்கும் முன்

தீவின் மேற்குப் பக்கத்தில் பொதுவாக லகூன் இருக்கும்; பவளத்திட்டு வளையமாக நின்று பேரலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால் உள்ளே நீர் அடங்கியிருக்கும். நீந்தத் தெரியாதவர்களும் உயிர்காப்பு அங்கி அணிந்து, வழிகாட்டியோடு இங்கே மீன்களைப் பார்க்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் மிகுதியாக ஏறி வற்றும். நீர் வற்றிய நேரத்தில் படகு தட்டும், நீந்துகிறவரின் வயிறு பவளத்தில் உரசும். எனவே நீர் ஏறும் நேரத்தைத் தங்குமிடத்தில் கேட்டு அதற்கேற்பக் காலை வேலைகளை அமைத்துக்கொள்ளுங்கள்.

வற்றத்தில் கணுக்கால் அளவு நீரில் நடந்து போனால், காலடியில் மான்கொம்பு போன்ற கிளைகளும், அவற்றிடையே விரல் நீளத்தில் நீல மீன்களும் தெரியும். ஆள் நிழல் விழுந்ததும் அவை ஒரே நேரத்தில் கிளைகளுக்குள் ஒடுங்கிவிடும். அந்தக் கிளையின் மீது ஒரு கால் வைத்தால் அது முறிந்துவிடும். உருண்டைப் பாறை போன்ற பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி இத்திட்டுகள் வெளிறிப் பெருமளவு மடிந்தன. மீண்டு வருபவற்றை நம் கால்களும் கெடுக்கக் கூடாது. தீவின் மணலே இந்தப் பவளத்தின் தூள்தான். ஆகவே மணலில் மட்டும் நடங்கள், பிடிமானத்துக்காகப் பவளத்தைத் தொடாதீர்கள். பவளத்தை எடுத்துவருவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கரையொதுங்கிய துண்டாயினும் பையில் போட வேண்டாம். வெயிலுக்கு, பூசும் களிம்பைவிட முழுக்கை நீச்சல் உடை மேலானது, பவளத்துக்கும் தீங்கில்லை.

ஸ்கூபா செய்ய விரும்புவோர் சளி, காதடைப்பு இருந்தால் இறங்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, நீரில் மூழ்கி எழுந்ததும் விமானம் ஏறக் கூடாது. ஒருமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் இடைவெளி வேண்டும். ஆதலால் விமானத்தில் திரும்புகிறவர்கள் கடைசிக்கு முந்தைய நாள் காலையோடு ஸ்கூபாவை முடித்துக்கொள்ளும்படி நாட்களை அடுக்க வேண்டும்.

தீவில் இருக்கும்போது

மண்ணுக்கடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர்தான் தீவின் நன்னீர். அது போதாமல்தான், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் 2005இல் கவரத்தியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையை அமைத்தது. வாளியில் மொண்டு குளிப்பதும், துணிகளை ஊர் திரும்பிய பிறகு துவைப்பதும் நாம் செய்யக்கூடியவை. காலி பாட்டில், பேட்டரி, பொட்டல உறை எல்லாவற்றையும் திரும்பக் கொச்சிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தீவில் அவற்றைப் போட இடம் இல்லை.

தீவு மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். நீச்சல் உடையோடு ஊருக்குள் நடப்பதும், கேட்காமல் பெண்களைப் படமெடுப்பதும் அவர்களைப் புண்படுத்தும். பங்காரத்தைத் தவிர மற்ற இடங்களில் மதுவிலக்கு உண்டு. ஏடிஎம்கள் குறைவு, ரொக்கம் எடுத்துப் போக வேண்டும். வழக்கமான மருந்துகளைக் கூடுதலாக ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடுமையான நோயாளிகளை ஹெலிகாப்டரில் கொச்சிக்கு அனுப்பும் நிலை என்பதால், இதய நோய் உள்ளவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேளாமல் புறப்பட வேண்டாம்.

நாட்களை அடுக்குவது

கத்மத்தில் நான்கு இரவு தங்க நினைப்பவர் அலுவலகத்தில் ஒன்பது நாள் விடுப்பாவது கேட்க வேண்டும்: கொச்சிக்குப் போய்ச்சேர ஒன்று, கப்பலில் போக வர இரண்டு, தீவில் ஐந்து பகல், கடைசியில் கையிருப்பாக ஒன்று. புறப்படும் நேரம் காற்றையும் கடலையும் பொறுத்து மாறும். முந்தைய நாள் மாலை கப்பல் அலுவலகத்திலோ முகவரிடமோ கேட்டு உறுதிசெய்துகொண்ட பின்பே வெல்லிங்டன் தீவுக்குப் போங்கள். திரும்பும் ரயிலைக் கப்பல் கொச்சி சேரும் நாளுக்கு அடுத்த நாள் இரவுக்குப் பதிவுசெய்யுங்கள். கப்பல் ஒரு நாள் தாமதமானாலும் வண்டி தவறாது, சரியான நேரத்தில் வந்தால் ஃபோர்ட் கொச்சியையும் மட்டாஞ்சேரியையும் பார்க்க ஒரு முழுப்பகல் கிடைக்கும்.