உறுப்பு தானம் குடுத்த வீட்டுல கேதம்: பெரும்பாலும் நடக்குற தப்புக

முக்கால்வாசி குழப்பம் நேரத்தாலதான் வருது. ஐசியூ வாசல்ல சம்மதம்னு கையெழுத்து போட்ட கையோட பங்காளி யாராவது ஊருக்கு போன் போட்டு "காலைல பத்து மணிக்கு எடுக்குறோம், சொல்லி விட்ருங்கப்பா"ன்னுருவாரு. உடனே போஸ்டர் அடிச்சாச்சு, கொட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, ஆனா ஆஸ்பத்திரில வேலை அப்பதான் ஆரம்பிச்சிருக்கும். எந்த உறுப்பு யாருக்குன்னு டிரான்ஸ்டான் (தமிழ்நாடு அரசோட உறுப்பு மாற்று ஆணையம்) மூலமா முடிவாகணும், இதயம் நுரையீரல் வெளியூருக்குன்னா அந்த டாக்டர்க வந்து சேரணும், அப்புறம் ஆபரேஷனே பல மணி நேரம், ரோட்டு விபத்துன்னா போலீஸ் விசாரணை, போஸ்ட்மார்ட்டம் வேற. அதனால "நேரம் பின்னால சொல்றோம்"னு மட்டும் ஊருக்கு சொல்லுங்க. உறுப்பு மாற்று கோஆர்டினேட்டர்னு ஒருத்தர் இருப்பாரு, பாடி எப்ப கைக்கு வரும்னு வீட்டுல ஒரே ஆள் அவர்ட்ட கேட்டா போதும், ஆளாளுக்கு கேட்டா ஆளுக்கொரு நேரம் ஊருக்குள்ள சுத்தும்.

2023 செப்டம்பர்ல இருந்து உறுப்பு தானம் குடுத்தவங்களுக்கு அரசு மரியாதை உண்டு, அதிகாரிக வந்து மாலை வைப்பாங்க. எடுக்குற நேரமும் மதுரை தத்தநேரி மயானமா, ஊர் சுடுகாடாங்கிறதும் அவங்களுக்கு முன்கூட்டியே போகணும். நம்ம ஆளுக பொழுது சாயப்போகுதுன்னு அவசரமா தூக்கிட்டுப் போயிட்டு அப்புறமா "யாருமே வரல"ன்னு பேசுவாங்க.

அடுத்து இறந்த தேதி. நாலு டாக்டர்க குறைஞ்சது 6 மணி நேரம் விட்டு ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணித்தான் மூளைச்சாவுன்னு (மூளை முழுசா செத்து, மெஷின்ல மட்டும் மூச்சு ஓடுற நிலை) எழுதுவாங்க, அந்த ரெண்டாவது டெஸ்ட் முடிஞ்ச நேரம்தான் கணக்கு. இதயம் துடிக்குதேன்னு குடும்பம் அதை ஏத்துக்காது, அது இயல்புதான், ஆனா பாடி வீட்டுக்கு வந்த தேதியை இன்சூரன்ஸ் பாரத்துல எழுதிட்டா சர்டிபிகேட்டோட ஒத்துப் போகாம மாசக்கணக்கா அலையணும். திதியை வீட்டுப் பெரியவங்க எப்படி வேணா பாத்துக்கட்டும், பேப்பர்ல மட்டும் ஒரே தேதி. இறப்புப் பதிவும் ஆஸ்பத்திரி இருக்குற எடத்துலதான் ஏறும், சொந்த ஊர் உசிலம்பட்டின்னு அங்க போய் தேடாதீங்க. ஆதார்ல இருக்குற ஸ்பெல்லிங்ல பேரைக் குடுத்துட்டு வாங்க.

பணப் பேச்சு வராம இருக்காது. "எம்புட்டு வாங்குனாய்ங்க"ன்னு டீக்கடைல ஒருத்தன் கேப்பான். வாங்கவும் முடியாது, யாருக்கு போச்சுன்னு சொல்லவும் மாட்டாங்க, சட்டமே அப்படித்தான். அதே சட்டம்தான் மூளைச்சாவு உறுதியான பிறகு உறுப்பைப் பாதுகாக்குறது, எடுக்குறது, அனுப்புறது எதுக்கும் தானம் குடுத்த குடும்பத்துட்ட காசு வாங்கக்கூடாதுங்குது. பில்லுல அப்படி ஏதாவது இருந்தா கூச்சப்படாம கேளுங்க. அரசு பெரியாஸ்பத்திரில இருந்துன்னா இலவச அமரர் ஊர்தி இருக்கு, போன் நம்பர் 155377, வாசல்ல நிக்கிற வண்டிக்கு கேட்ட வாடகையைக் குடுத்துறாதீங்க.

உடம்பைக் கூறு போட்டுருவாங்கன்னு ஒரு பயம் இருக்கு. நெஞ்சுல இருந்து வயிறு வரைக்கும் ஒரு தையல் இருக்கும், வேட்டி சட்டையோ சேலையோ போட்டா தெரியாது, முகத்துக்கு ஒண்ணும் ஆகாது. குளிப்பாட்டும்போது தையல் மேல குடங்குடமா ஊத்தாம ஈரத்துணி வச்சுத் துடைச்சு விடுங்க. கோடி போடுறது, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம் எல்லாம் வழக்கம் போல செய்யலாம்.

உடல் தானம் வேற கதை. மெடிக்கல் காலேஜ்ல படிப்புக்குன்னு எழுதி வச்சிருந்தாலும் போஸ்ட்மார்ட்டம் ஆன பாடியையோ உள்ளுறுப்பு எடுத்த பாடியையோ பொதுவா வாங்க மாட்டாங்க, கண்ணு மட்டும் எடுத்திருந்தா பரவாயில்ல.

கண் தானத்துக்கு மூளைச்சாவெல்லாம் வேண்டியதில்ல, வீட்டுல வயசாகி இறந்தவங்க, கண்ணாடி போட்டவங்க, புரை ஆபரேஷன் பண்ணவங்க எல்லாருமே குடுக்கலாம். இதுலயும் நேரத்துலதான் கோட்டை விடுறோம். 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், நாம எல்லாரும் அழுது முடிச்சு மறுநாள் காலைலதான் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு போன் போடுறோம். கண்ணை மூடி ஈரப்பஞ்சு வச்சு, தலைக்கு ஒரு தலகாணி குடுத்து, நேர் மேல ஓடுற ஃபேனை நிறுத்திட்டு உடனே கூப்பிடுங்க, நீர்மாலைக்குப் போனவங்க திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிட்டுப் போயிருவாங்க.