பெயர் வைப்பதற்கு முன்: உளநல விடுதிப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் விடுதி விறாந்தையில் விடியற்காலையிலிருந்து நடந்துகொண்டேயிருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னால் இருப்பார். அரை நிமிடம் செல்லுமுன் தொடை ஆடத் தொடங்கும், எழுந்துவிடுவார். இரவுக் கடமையில் இருந்தவர் பதிவேட்டில் "அமைதியின்மை கூடியுள்ளது, சொல்வழி கேட்பதில்லை" என்று எழுதியிருந்தார். அதை வாசித்த நானும், அவரிடம் ஒரு சொல்லும் கேளாமல், நோய் கூடிவிட்டதாக வைத்தியரிடம் சொன்னேன். வைத்தியர் வந்ததும் அவரிடம், "தம்பி, நடக்க வேணும்போல இருக்கோ, இல்லாட்டி இருக்கேலாமல் இருக்கோ?" என்று கேட்டார். "இருக்கேலாமல் கிடக்கு டொக்டர், காலுக்குள்ள என்னவோ ஊருறமாதிரி" என்றார் இளைஞர். ஐந்து நாட்களுக்கு முன் தொடங்கிய ஹலோபெரிடோல் என்னும் மனநோய்க் குளிசையின் பக்கவிளைவு அது. என் சொல்லை நம்பி மருந்தின் அளவைக் கூட்டியிருந்தால், அவருடைய வேதனையும் அந்த அளவுக்குக் கூடியிருக்கும்.

உளநல சமூகப் பணியாளர், உளவளத்துணையாளர், தாதி என்று பதவியின் பெயர் எதுவாக இருந்தாலும், நோயாளரோடு அதிக நேரம் இருப்பவர்கள் நாங்களே. வைத்தியர் ஒரு கட்டிலருகே நிற்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் அவர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் நாங்கள் சொல்லும் ஒரு வசனத்தில் தங்கியிருக்கிறது. இந்தப் பணியில் நான் செய்த தவறுகளையும் பிறர் செய்யக் கண்ட தவறுகளையும் எண்ணிப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை: ஒருவருடைய நடத்தையைப் பார்த்து முடிப்பதற்குள் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறோம்.

பதிவேட்டைப் புரட்டினால் இது தெரியும். "ஒத்துழைக்கவில்லை", "பிடிவாதம்", "நடிக்கிறார்", "பிறர் கவனத்துக்காகச் செய்கிறார்" என்பவை கண்ணாற் கண்டவை அல்ல, எழுதியவரின் தீர்ப்புகள். அவற்றுக்குப் பதிலாக எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் செய்தது என்ன, எவ்வளவு நேரம் நீடித்தது, அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுவதற்கு மேலதிகமாக இரண்டு நிமிடங்களே செல்லும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு முதியவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். "உணவை மறுக்கிறார், நஞ்சு கலந்திருப்பதாகச் சந்தேகம் இருக்கலாம்" என்று பதிவாகியது. மறுநாள் அவரருகே இருந்து மெதுவாகக் கதைத்தபோதுதான் விடயம் வெளிவந்தது: அவர் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடாதவர், மீன்குழம்பு அள்ளிய அகப்பையாலேயே அவருடைய பருப்பையும் அள்ளியதைக் கண்டிருக்கிறார். அவர் கண்டது உண்மை. பிரமை என்று நினைத்தவர்கள் நாங்கள்.

இன்னொரு சிக்கல் மொழியில் இருக்கிறது. நோயாளர் யாழ்ப்பாணத் தமிழில் சொல்வதை நாங்கள் பி.எச்.ரி. எனப்படும் நோயாளரின் கட்டிற் பதிவுச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதுகிறோம். இடையில் பொருள் நழுவுகிறது. "ஒரே யோசனை" என்பவர் சிந்திப்பதாகச் சொல்லவில்லை, மனதை அரிக்கும் கவலையைச் சொல்கிறார். "எனக்கு விசர் வருது" என்று ஒரு தாய் சொன்னால், இங்கே அது அனேகமாக எரிச்சலும் கோபமுமே. பைத்தியம் பிடிப்பதாக அவர் அஞ்சுவதாக எழுதுவது தவறு. "அந்தரமா இருக்கு" என்ற சொல் பதற்றத்தையும் குறிக்கும், கூச்சத்தையும் குறிக்கும், போக வேண்டிய அவசரத்தையும் குறிக்கும். ஆகவே நோயாளர் சொன்ன சொல்லைத் தமிழிலேயே மேற்கோட் குறிக்குள் எழுதிவிட்டு, அதன் கீழே உங்கள் விளக்கத்தைத் தனியாக எழுதுங்கள். பின்னால் வருபவர் உங்கள் விளக்கத்தைத் திருத்தலாம். சொல்லே தொலைந்துவிட்டால் திருத்துவதற்கு எதுவும் இராது.

உடலில் நடப்பதை மனதின் மேற் போடுவதே இவற்றுள் ஆபத்து மிகுந்த தவறு. புதிதாக மருந்து தொடங்கிய ஒரு பையனுக்கு முதற் சில நாட்களுக்குள் கழுத்து ஒருபக்கம் திருகி, கண்மணிகள் மேலே செருகி, நாக்குத் தடித்துப் பேச்சு வராமற் போகலாம். அருகில் நிற்கும் தாய் அதைக் கண்டு பேய் பிடித்ததென்று அலறுவதில் வியப்பில்லை. ஆனால் விடுதியில் வேலை செய்பவர் "நடிக்கிறார்" என்று சொல்வதை மன்னிக்க முடியாது. இது மருந்தினால் ஏற்படும் தசையிறுக்கம். உரிய ஊசி போட்டால் சிறிது நேரத்திலேயே தணிந்துவிடும். தணியும்வரை யாராவது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இது மாறிவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இந்த ஒரு மணித்தியாலத்தில் அவர் பட்ட பயமே, பல ஆண்டுகளுக்கு மருந்தை வெறுக்கப் போதுமான காரணமாகிவிடுகிறது.

மனநிலை ஏற்றத்தாழ்வு நோய்க்கு லிதியம் எடுப்பவர்கள் விடயத்தில் எங்கள் நாட்காட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மருந்து குருதியில் ஏறத்தாழ லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்போது பயன்தரும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். இடைவெளி அவ்வளவு குறுகியது. உடலில் நீர் வற்றினால் அளவு தானாக ஏறும். கந்தசஷ்டியின் 6 நாட்களும் இளநீரோடு மட்டும் விரதம் இருப்பவர், நல்லூர்த் திருவிழாக் காலத்து வெயிலில் அங்கப்பிரதட்டை செய்பவர், வயிற்றோட்டம் கண்டவர், மூட்டு நோவுக்கென்று பாமசியில் டைக்குளோபினாக் வாங்கிப் போடுபவர் ஆகிய எல்லோரும் இந்த ஆபத்துக்கு உட்பட்டவர்கள். கை பெரிதாக நடுங்கி, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால், பார்ப்பவர்களுக்குத் தோன்றும் முதல் எண்ணம் "தண்ணி போட்டிருக்கிறார்" என்பதே. அந்த எண்ணத்தோடு அவரை ஒரு மூலையில் படுக்கவைத்தால் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படும்வரை அவர் அங்கே கிடப்பார். குருதிப் பரிசோதனைக்கு உடனே அறிவிக்க வேண்டிய நேரம் அது. விரதம் பிடிக்க வேண்டாம் என்று கட்டளையிடுவதாலும் பயனில்லை. அவர் ஒளித்துப் பிடிப்பார். விரதகாலம் தொடங்குமுன்னரே வைத்தியரோடு கதைக்க ஒழுங்குசெய்தால் வழி கிடைக்கும்.

மது விடயத்தில் இதற்கு நேர்மாறான தவறு நிகழ்கிறது. நாட்பட்டுக் குடித்துவந்த ஒருவர் விடுதியில் அனுமதிக்கப்பட்டு, முதல் நாள் அமைதியாக இருந்து, இரண்டாம் மூன்றாம் நாட்களில் வியர்த்து நடுங்கிச் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொன்னால், புதிதாக மனநோய் தொடங்கிவிட்டதென்று முடிவுகட்டக் கூடாது. கடைசியாகக் குடித்து 48 முதல் 72 மணித்தியாலங்களில் தோன்றும் இந்த நிலை உயிராபத்தானது. தயமின் (விற்றமின் பி1) உட்பட மருத்துவ உதவி அவசரமாகத் தேவைப்படும். அதனால் "குடிப்பீங்களோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்காமல், கடைசியாகக் குடித்தது எப்போது என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

குளோசபின் என்னும் மனநோய் மருந்தில் முதல் 18 வாரங்களும் வாரந்தோறும் வெண்குருதிக்கல எண்ணிக்கை பார்க்கப்படுவதும், காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அதைச் சாதாரண தடிமனென்று விடக் கூடாதென்பதும் பெரும்பாலோர் அறிந்தவை. மலச்சிக்கலைக் கேட்டறிய மறப்பவர்கள் பலர். அதனாலும் இறப்புகள் நேர்கின்றன. புகையை எண்ணிப் பார்ப்பவர்கள் இன்னும் குறைவு. புகையிலைப் புகை இந்த மருந்தை ஈரல் விரைவாக உடைக்கச் செய்வதால், நாளுக்குப் பத்துச் சுருட்டுப் பிடித்தவர் விடுதிக்குள் வந்து திடீரென நிறுத்தும்போது, அதே அளவு குளிசையிலேயே மருந்து குருதியில் ஏறிவிடும். வாயில் எச்சில் வழிய எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும் அவரைச் "சோம்பல்" என்று எழுதுகிறோம். வீட்டுக்குப் போய் மீண்டும் சுருட்டைப் பற்றவைத்ததும் மருந்து இறங்கி நோய் தலைகாட்டும். அப்போது வீட்டார் "குளிசை போடேல்லை" என்று அவரோடு சண்டை பிடிப்பார்கள். இரண்டு பெயர்களும் பொய்.

இழப்பைப் பற்றி இந்த மண்ணில் தனியாகப் பேசவேண்டியிருக்கிறது. 2009இல் காணாமற்போன மகனுக்காக இன்னமும் இரவில் ஒரு கோப்பைச் சோறு மூடிவைக்கும் தாய்க்கு எந்தப் பெயரை வைப்பீர்கள்? அவர் மகன் இறந்ததை ஏற்க மறுக்கவில்லை. இறந்ததாக யாரும் அவருக்குக் காட்டவில்லை. உடலைக் காணாதவருக்குத் துக்கத்தின் தொடக்கமே இல்லை, ஆகவே முடிவும் இல்லை. மனம் ஆறட்டும் என்ற நல்லெண்ணத்தோடு "கீரிமலையில அந்தியேட்டியைச் செய்துவிடுங்கோ அம்மா" என்று, இறந்தவருக்குச் செய்யும் கிரியையை ஆலோசனையாகச் சொன்ன ஒருவரை நான் அறிவேன். அந்தத் தாய் அதற்குப்பின் கிளினிக்குக்கு வரவில்லை. அவருடைய காதில் விழுந்தது, மகனைக் கொன்றுவிடு என்பதாகவே இருந்திருக்கும். காணாமற்போனவரின் மனைவி பொட்டு வைப்பதும் வைக்காததும் இதே வகையானது. அதைப் பற்றி நாங்கள் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடக்கின் போர்ப் பாதிப்பைத் தனிமனிதர்களின் நோயாக மட்டும் பாராமல் சமூகத்தின் கூட்டு மனவடுவாகவும் எழுதியிருப்பதை, இந்தத் தாயைப் போன்றவர்களின் முன் இருக்கும்போது நினைத்துக்கொள்வது நல்லது.

கதைக்கும் விதத்தில் ஒரு சிறு விடயம். எங்கள் ஊரில் "நீர்" என்ற சொல் "நீ"க்கும் "நீங்கள்" என்பதற்கும் இடையில் வசதியான ஒரு நடுவழி. ஆனால் அறுபது வயதுக்காரரைப் பார்த்து, அவர் விடுதி உடுப்போடு நிற்கிறார் என்பதற்காக, "நீர் இதிலை இரும்" என்று சொல்வது அவமதிப்பு. வெளியே "ஐயா" என்று அழைக்கப்பட்டவர் உள்ளேயும் ஐயாதான். அவர் கோபத்தில் நிற்கும்போது கதவை மறித்து நிற்காதீர்கள், நேருக்கு நேர் நெருங்காதீர்கள், நால்வர் ஒன்றாகக் கதைக்காதீர்கள். பிரமையோடு வாதாடவும் வேண்டாம், ஆமென்று தலையாட்டவும் வேண்டாம். "எனக்கு அந்தச் சத்தம் கேக்கேல்லை ஐயா, ஆனா அது உங்களைப் பயப்படுத்துதெண்டு விளங்குது" என்றால் போதும்.

தற்கொலை எண்ணம் பற்றி வாய்விட்டுக் கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே ஊட்டிவிடுவோம் என்ற பயம் இன்னமும் இருக்கிறது. அது பிழையானது, கேட்பது பெரும்பாலும் சுமையை இறக்கிவைக்க இடம் கொடுக்கிறது. "பொலிஸ் கேஸ் ஆகும்" என்று மிரட்டுவது அதைவிடப் பிழை: தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998ஆம் ஆண்டிலிருந்து குற்றமில்லை. வீட்டுக்கு அனுப்புமுன் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடிக்கும் மருந்துப் போத்தல்கள் எங்கே இருக்கின்றன, யாரிடம் திறப்பு இருக்கிறது என்று குடும்பத்தாரிடம் கேளுங்கள். 1995இல் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்றைக் கண்ட இந்த நாட்டில், கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் தற்கொலைகள் வெகுவாகக் குறைந்தன. வீட்டுக்குள்ளும் அதே தர்க்கம்தான்.

விடுதிக்குள் வைத்த பெயர் வெளியே போனால் அழியாது. "எந்த ஊர், ஆற்றை பிள்ளை?" என்பது இங்கே அறிமுகத்தின் முதற்கேள்வி, அதற்குப் பதில் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். கலியாணப் பேச்சு நடக்கும்போது கனடாவிலிருந்துகூட அழைப்பு வரும்: "அந்தப் பிள்ளை உங்கட வார்ட்டிலை இருந்ததோ? சும்மா கேக்கிறன்." இருந்தது என்று சொல்வது தவறென்பது எவருக்கும் தெரியும். "இல்லை, அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்று உதவி செய்வதாக எண்ணிச் சொல்வதும் தவறே. இன்று ஒருவருக்கு இல்லையென்றால், நாளை இன்னொருவருக்காக வாய்மூடி இருக்கும்போது அந்த மௌனமே ஆம் என்றாகிவிடும். யார் கேட்டாலும், யாரைப் பற்றிக் கேட்டாலும், ஒரே பதில்: நோயாளர் விபரம் கதைப்பதில்லை. அதுபோல, நல்லூர் வீதியில் முன்னாள் நோயாளரைக் கண்டால் நீங்களாக முந்திக்கொண்டு சிரிக்க வேண்டாம். அவர் கூப்பிட்டால் நின்று கதையுங்கள்.

நெடுந்தீவிலிருந்து மாதாந்தம் ஊசிக்கு வந்த ஒருவர் தொடர்ந்து இரண்டு முறை வரவில்லை. கிளினிக் கொப்பியில் "தவறியவர்" என்று சிவப்பு மையால் எழுதப்பட்டது. நோய் திரும்பி அவரைக் கொண்டுவந்தபோது தமையனுக்குப் பேச்சும் விழுந்தது. தமையன் அதைக் கேட்டு முடித்துவிட்டு, கடல் கொந்தளிப்பாக இருந்ததையும், குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு விடாததையும், அடுத்த மாதம் படகு கிடைத்தும் யாழ்ப்பாண பஸ் தவறிக் கிளினிக் முடிந்த பிறகு வந்து திரும்பியதையும் சொன்னார். இப்போது தீவுப்பகுதியிலிருந்து வருபவர்களுக்கு நாள் குறிக்கும்போது படகு நேரத்தைக் கேட்டு, ஒரு கிழமை முன்னதாகவே திகதியைப் போடுகிறேன். வராதவர்களின் பெயருக்கு நேரே எதையும் எழுதுமுன், ஒருமுறை தொலைபேசி எடுத்து, "போட் ஓடினதோ அண்ணை?" என்று கேட்டுக்கொள்கிறேன்.