இங்க்ஸ்கேப்பில் முதல் எழுத்து
கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் கடைப் பலகை என்றால் தமிழும் வேண்டும், மலையாளமும் வேண்டும். அதனால் வெக்டர், அதாவது புள்ளிகளும் கோடுகளும் வைத்துக் கணினியில் வரைவது, பழகுகிறவர்கள் வட்டம், சதுரம் என்று போகாமல் ஒரு எழுத்திலேயே தொடங்குங்கள். மென்பொருளுக்குக் காசு வேண்டாம், 2003இல் வந்த இங்க்ஸ்கேப் இலவசம்தான்.

பேப்பரில் பெரிதாக ‘ழ’ எழுதி, போட்டோ எடுத்து உள்ளே கொண்டுவாருங்கள். அந்தப் படம் இருக்கும் லேயரை (அடுக்கை) நகராதபடி பூட்டிவிட்டு மேலே புது லேயர் போடுங்கள். ‘பி’ (B) விசையை அழுத்தினால் பேனா வரும். சும்மா கிளிக் செய்தால் நேர்கோடு, விடாமல் இழுத்தால் வளைவு. இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம்: வளைவு சரியாக வரவில்லை என்று பத்துப் பதினைந்து புள்ளி வைத்துவிடுவோம், கோடு நெளிந்துவிடும். புள்ளி குறையக் குறையத்தான் வளைவு வழவழப்பாகும். மேல் உச்சி, கீழ் உச்சி, இடது வலது ஓரங்களில் மட்டும் வையுங்கள், மீதியை ‘என்’ (N) விசை அழுத்தி, புள்ளியிலிருந்து நீளும் கைப்பிடிகளை இழுத்துச் சரிசெய்யலாம். ஒரு வாரம் இது மட்டும் போதும்.

அப்புறம், அச்சுக்கு அனுப்பும் முன் தட்டச்சு செய்த வார்த்தைகளைக் கண்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாதையாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள். எனக்கு ஒருமுறை பேக்கரிப் பலகையில் மலையாளம் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது, அச்சடித்த இடத்தில் அந்த எழுத்துரு இல்லை. மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் தட்டித் திருத்த முடியாது, அதனால் மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.