கரண்ட் வைத்தால் மட்டும் முழங்கால் நோ போகாது: பிசியோதெரபியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பத்து நாள் பிசியோவுக்குப் போனன், ஒரு சுகமும் இல்லை." கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு பெரியவர்கள் கூடுகிற இடத்தில் இந்த வசனம் கட்டாயம் காதில் விழும். சரி, அந்தப் பத்து நாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். போனார்கள், படுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், சூட்டு ஒத்தடம் கொடுத்தார்கள், ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுத்த பயிற்சித் தாள்? பிரிட்ஜுக்கு மேல் எங்கேயோ கிடக்கிறது.

தவறுகளில் முக்கால்வாசி தொடங்குவது இந்த இடத்தில்தான். சிகிச்சை என்றால் இன்னொருவர் நமக்குச் செய்துவிடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். கரண்டும் சூடும் சிலருக்கு நோவைக் கொஞ்ச நேரம் அடக்கும். அந்த நேரத்தில் மூட்டை அசைத்து, தசையைப் பலப்படுத்தவேண்டும் என்பதுதான் கணக்கு. நாரி நோவுக்கு அந்த அளவு பயன்கூடச் சந்தேகம். மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டல், நாரி நோவுக்கு ஒலியலையால் கொடுக்கும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, டென்ஸ் எனப்படும் மின்தூண்டல், இழுவைச் சிகிச்சை மூன்றையும் கொடுக்கவேண்டாம் என்றே சொல்கிறது. ஆனாலும் மெஷின் வைக்காவிட்டால் கொடுத்த காசுக்கு வேலை நடக்கவில்லை என்று பலருக்கு ஒரு மனக்குறை. அந்த மனக்குறையைத் தீர்ப்பதற்காகவே மெஷின் வைக்கிற இடங்களும் உண்டு.

முழங்கால்: தேயும் என்ற பயம்

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குப் போஷாக்கு போகிறது. காலில் பாரம் ஏறும்போது அது கடற்பஞ்சு போல அமுங்கும், பாரம் இறங்கும்போது திரவத்தை உறிஞ்சும். அசையாமல் வைத்திருந்தால் இந்தப் போக்குவரத்தே குறைந்துவிடும். கூடவே தொடையின் முன்பக்கத் தசை மெலியும். அது தாங்கவேண்டிய பாரம் நேராக மூட்டில் விழும், நோ கூடும், நோ கூடியதால் இன்னும் நடக்கமாட்டார்கள். லிஃப்ட் இல்லாத மாடி வீடுகளில் இருக்கிற பெரியவர்கள் பலர் இப்படித்தான் மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போகிறார்கள். "தேய்ந்த முழங்காலை இன்னும் தேய்க்கக்கூடாது" என்று பிள்ளைகளும் பாசத்தோடு கதிரையில் இருத்திவிடுவார்கள்.

இன்னொரு பக்கம், "நான் நாள் முழுக்கக் குசினியில நிக்கிறன் தானே பிள்ளை, பிறகு ஏன் பயிற்சி?" என்று கேட்கும் அன்ரிமார். நிற்பதும் வீட்டுக்குள் நடப்பதும் உடம்புக்கு ஏற்கெனவே பழகிய வேலை. பலம் கூடவேண்டுமென்றால் தசைக்குப் பழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான வேலை கொடுக்கவேண்டும். கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி இருப்பது, படுத்துக்கொண்டு காலை நேராக உயர்த்திப் பிடிப்பது போன்ற எளிய பயிற்சிகள்தான் தொடக்கம். அவையும் இலகுவாகிவிட்டால் எண்ணிக்கையையோ பாரத்தையோ கூட்டவேண்டும். ஆறு மாதமாக அதே பத்துத் தடவை என்றால் தசைக்கு அதில் புது வேலை எதுவும் இல்லை.

பயிற்சியின்போது கொஞ்சம் நோவதும் இயல்புதான். பொதுவாகப் பிசியோதெரபிஸ்டுகள் பார்ப்பது இதை: நோ தாங்கக்கூடியதா, அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறதா? வந்தால் தொடரலாம். மூட்டு வீங்கினால், அல்லது நோ மறுநாளும் கூடியே இருந்தால், எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். ஒரேயடியாக நிறுத்திவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது.

பத்து நாள் ஏன் போதாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. முதல் சில கிழமைகளில் வரும் பலம், நரம்புகள் இருக்கிற தசையை நன்றாக வேலைவாங்கப் பழகுவதால் வருவது. தசை உண்மையில் பருக்க இரண்டு மாதமளவில் ஆகும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநார்கள் அதைவிட மெதுவாக மாறும். குதிக்கால் நரம்பு என்று நாம் சொல்கிற அக்கிலீஸ் தசைநார் நோவுக்கு 1998இல் சுவீடனில் வெளியான புகழ்பெற்ற பயிற்சித் திட்டமே 12 கிழமைகள் நீளமானது. உடல் எடையும் சேர்ந்த விஷயம்தான்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது என்று முழங்கால் தேய்வு உள்ளவர்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

நாரி நோவும் ஸ்கேன் அறிக்கையும்

நாரி பிடித்துக்கொண்டால் கட்டிலில் படுத்துவிடுவது பழைய வைத்தியம். ஓரிரு நாள் ஆறுதல் எடுப்பதில் பிழையில்லை. கிழமைக்கணக்கில் படுத்தால் குணமாவது பிந்தும் என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு. மாதக்கணக்கில் பெல்ட் கட்டிக்கொண்டு திரிவதும் அதே வகைத் தவறு.

ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துப் பயந்துபோவது இன்னும் மோசம். "டிஸ்க் தேய்ந்திருக்கு, பிதுங்கியிருக்கு" என்று அதில் இருந்தால், அதாவது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை போன்ற தட்டைப் பற்றி அப்படி எழுதியிருந்தால், அதற்குப் பிறகு குனியவே மாட்டார்கள். முதுகு நோவே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த கட்டுரை ஒன்றின்படி, 20 வயதுக்காரர்களில் 37 வீதமானோருக்கும் 50 வயதுக்காரர்களில் 80 வீதமானோருக்கும் டிஸ்க் தேய்வு இருந்தது. முடி நரைப்பதற்கு யாரும் எம்.ஆர்.ஐ. எடுப்பதில்லை, எடுத்திருந்தால் அதற்கும் ஒரு பயமுறுத்தும் பெயர் வைத்திருப்பார்கள். அறிக்கையும் உங்கள் அறிகுறிகளும் பொருந்துகிறதா என்பதைப் பரிசோதித்துப் பார்ப்பவர்தான் சொல்லமுடியும்.

அப்புறம், இரவல் பயிற்சிகள். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்புவார், அவருக்கு அது நல்ல சுகம் கொடுத்ததாம். முதுகெலும்புக் கால்வாய் ஒடுங்கியவருக்கு முன்னால் குனிந்தால் சுகமாக இருக்கும், நிமிர்ந்து நடந்தால் கால் விறைக்கும். டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு நோ ஓடுகிறவருக்கோ பெரும்பாலும் குனிந்தால்தான் நோ கூடும். இருவரும் சொல்வது "நாரி நோ" என்றுதான். ஒருவருக்குச் சுகம் கொடுத்த பயிற்சி மற்றவரைப் படுக்கையில் போடலாம். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கிற நாட்டாமைக்கும் கோட்டையில் கணினி முன்னால் எட்டு மணித்தியாலம் இருக்கிறவருக்கும்கூட ஒரே தாளைக் கொடுக்கமுடியாது. முதலாமவர் நாளைக்கே பாரம் தூக்கவேண்டியவர். அவரது பயிற்சி பாரம் தூக்குவதற்கே ஆயத்தப்படுத்துவதாக இருக்கவேண்டும். "பாரம் தூக்காதீர்கள்" என்ற புத்திமதி அவருக்கு வேலையை விடச் சொல்வதற்குச் சமம்.

தோள் உறைவும் சீனி வருத்தமும்

தலை இழுக்க, ஜாக்கெட் கொக்கி மாட்ட, 101 பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாமல் கை நின்றுவிட்டதா? தோள் மூட்டு இறுகிப்போகும் தோள் உறைவாக இருக்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தோள் உறைவது மற்றவர்களைவிட அதிகம். சிலருக்குத் தோள் பார்க்கப் போன இடத்தில்தான் சீனியே தெரியவரும். ஆகவே இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவேண்டாம்.

இதில் இரண்டு எதிர்த்தவறுகள். ஒன்று, நோகிறது என்று கையை அசைக்காமல் உடம்போடு ஒட்டி வைத்திருப்பது. மற்றது, யாரையாவது கொண்டு பலவந்தமாக இழுத்து முறுக்குவது. நோ கடுமையாக இருக்கும் முதற்கட்டத்தில் பலவந்தப்படுத்தினால் நிலைமை மோசமாகும். அந்தக் கட்டத்தில் மெல்லிய அசைவு, நோக் கட்டுப்பாடு. இறுக்கம் மட்டும் மிஞ்சும் கட்டத்தில் நன்றாக இழுத்து நீட்டும் பயிற்சி. முழுவதும் இளக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பலர் இடையில் கைவிடமாட்டார்கள்.

சீனி வருத்தக்காரர் கவனிக்கவேண்டிய இன்னொன்று சூட்டு ஒத்தடம். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் சுடுநீர்ப் பை சுடுவது தெரியாது. காலையில் பார்த்தால் கொப்புளம், அது ஆற மாதங்கள். வீட்டில் ஒத்தடம் கொடுக்கிறவர் முதலில் தன் கையில் வைத்துப் பார்க்கவேண்டும். பிசியோதெரபிஸ்டிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்: உணர்வு குறைவு, இதயத் துடிப்பைச் சீராக்கப் பொருத்திய பேஸ்மேக்கர், கர்ப்பம், முன்பு வந்த புற்றுநோய், எலும்பு பலவீனம், குடிக்கிற மருந்துகள். பேஸ்மேக்கர் இருப்பவருக்குக் கரண்ட் வைப்பது ஆபத்து.

சுளுக்கும் முறிவும்

முறிவு நெரிவு வைத்தியத்தில் நம்பிக்கை உள்ள வீடுகள் கொழும்பிலும் ஏராளம். அதோடு சண்டை பிடிக்க வரவில்லை. ஆனால் எண்ணெய் போட்டு உருவுவதற்கு முன் எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியவேண்டும். கணுக்கால் மடங்கி, விழுந்த உடனேயும் பிறகும் நாலு அடி வைக்கமுடியாவிட்டால், அல்லது கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் நொந்தால், எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்பது 1992 முதல் உலகெங்கும் வைத்தியர்கள் பயன்படுத்தும் விதி.

பிள்ளைகளின் முழங்கையில் இன்னும் கவனம். அடிபட்ட முழங்கையை உருவுவதாலும் பலவந்தமாக நீட்டுவதாலும் தசைக்குள் எலும்பு வளர்ந்து, கை நிரந்தரமாக மடங்கியே நின்றுவிடலாம்.

மணிக்கட்டு முறிந்து பிளாஸ்டர் போட்டவர்கள் கையைக் கழுத்தில் தொங்கவிட்டு ஆறு கிழமை அப்படியே இருந்துவிடுகிறார்கள். பிளாஸ்டருக்குள் இல்லாத விரல்களையும் முழங்கையையும் தோளையும், வைத்தியர் தடுக்காவிட்டால், முதல் நாளிலிருந்தே அசைக்கவேண்டும். இல்லையென்றால் மணிக்கட்டு பொருந்திய பிறகு தோளுக்குத் தனியாகச் சிகிச்சை தேடவேண்டிவரும். கால் முறிவென்றால் எப்போது எவ்வளவு பாரம் வைக்கலாம் என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டுக்கொண்டே நடக்கத் தொடங்கவேண்டும்.

சுளுக்கு நோ போனதும் கதை முடிந்தது என்று விடுவதும் வழக்கம். எலும்புகளைப் பிணைக்கும் நார் கிழிந்ததோடு சமநிலை உணர்வும் மங்கியிருக்கும், அதனால்தான் அதே கால் திரும்பத் திரும்ப மடங்குகிறது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது நல்ல தொடக்கம், பக்கத்தில் பிடிக்கச் சுவர் இருக்கட்டும்.

பிசியோவுக்கு முன் வைத்தியரிடம்

நாரி நோவோடு சிறுநீர் அடைத்துக்கொண்டால், அல்லது கட்டுப்பாடில்லாமல் போனால், தொடையிடுக்கில் உணர்வில்லாமல் விறைத்தால், கால் பலமிழந்தால் பயிற்சிக்கு நேரமில்லை. 1990 அம்புலன்சை அழைத்து உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி நொந்தால் யாரையும் பிடித்துவிடச் சொல்லாதீர்கள், உள்ளே இரத்தக் கட்டி இருக்கலாம். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், படுத்தாலும் ஆறாத இரவு நோ ஆகியவற்றோடு வரும் எலும்பு நோவும் வைத்தியர் பார்க்கவேண்டியது.

யாரிடம் போவது? இலங்கையில் பிசியோதெரபிஸ்டுகள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்கவேண்டும். பதிவைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை, மசாஜ் நிலையங்களும் இதே பெயர்ப்பலகையில் நடக்கிற காலம் இது. கொழும்பு தேசிய வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம், காத்திருக்கத்தான் வேண்டும். எங்கே போனாலும் முதல் நாளே நாலு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன பிரச்சினை, எந்தப் பயிற்சி எத்தனை தடவை, எவ்வளவு நோ வந்தால் நிறுத்துவது, எப்போது திரும்பி வருவது. பயிற்சியை அவர் முன்னால் ஒருமுறை செய்துகாட்டி, மகனையோ மகளையோ கொண்டு உங்கள் கைத்தொலைபேசியிலேயே வீடியோ எடுத்துவையுங்கள். மச்சாளின் வீடியோவை அழித்துவிடலாம்.