சாஃப்ட்பால் ஆடும் பிள்ளைக்கு முதல் கையுறை: வாங்குவதும் பழக்குவதும்

பள்ளி சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி, ஆனால் பெரிய பந்தில் ஆடும் ஆட்டம்) குழுவில் பிள்ளையின் பெயர் வந்துவிட்டது. என்னென்ன வாங்க வேண்டும்? முதல் ஆண்டுக்கு ஒரே ஒரு பொருள் போதும்: கையுறை. மட்டை, தலைக்கவசம், மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கான நெஞ்சுக் கவசம் எல்லாம் பெரும்பாலும் பள்ளி விளையாட்டு அறையிலேயே இருக்கும். பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும் கெட்டுப்போகாது. கையுறை மட்டும் மாட்டுகிற கைக்கு ஏற்ப வளைந்து படியும். இரவல் கையுறையில் பழகும் பிள்ளை பந்தைப் பிடிப்பதை விட்டுவிட்டுக் கையுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர் மாதிரி தோட்டப்புற ஊர்களின் விளையாட்டுக் கடைகளில் பூப்பந்து மட்டையும் காற்பந்துக் காலணியும்தான் அதிகம். சாஃப்ட்பால் கையுறைக்கு ஈப்போ போக வேண்டும், இல்லையென்றால் இணையக் கடை. இணையத்தில் வாங்குபவர்கள் அடுத்த பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

1. எந்தக் கைக்கு?

கையுறையை மாட்டுவது எறியாத கையில். வலது கையால் எறிகிற பிள்ளைக்கு இடது கையில் மாட்டும் கையுறை வேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் இணையக் கடையில் "இடது கை" என்று ஒருவர் போடுவது இடது கையில் மாட்டுவதை. இன்னொருவர் அதையே இடது கையால் எறிபவருக்கு என்று போடுவார். தலைப்பை நம்பாதீர்கள். ஆர்எச்டி (RHT) என்றிருந்தால் வலது கையால் எறிபவருக்கு, எல்எச்டி (LHT) என்றிருந்தால் இடது கையால் எறிபவருக்கு. இந்த மூன்றெழுத்து இல்லாவிட்டால் படத்தைப் பாருங்கள்: பந்து விழும் குழி உங்களைப் பார்த்து, விரல்கள் மேல்நோக்கி இருக்கும்போது கட்டைவிரல் படத்தின் இடப்பக்கம் இருந்தால் அது இடது கையில் மாட்டுவது. குழப்பமாக இருந்தால் உங்கள் இடது உள்ளங்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சில கடைக்காரர்கள் எல்லா நிறத்துக்கும் ஒரே படத்தைப் போட்டுவிடுவார்கள், ஆகவே பணம் கட்டுமுன் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

எழுதுகிற கையும் எறிகிற கையும் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இருக்காது. சோதனை என்று சொல்லாமல் ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து மரத்து மாங்காயை அடிக்கச் சொல்லுங்கள். யோசிக்காமல் எந்தக் கை ஓங்குகிறதோ அதுதான் எறிகிற கை.

2. அளவும் தோலும்

கையுறையின் அங்குலக் கணக்கு ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து குழி வழியாக அடிப்பகுதி வரை அளப்பது. ஒன்பது வயதுக்குக் கீழே 10 முதல் 11 அங்குலம், பன்னிரண்டு வயது வரை 11 முதல் 12, அதற்கு மேல் 12 அல்லது 12.5. "வளர்கிற பிள்ளைதானே" என்று பெரிதாக வாங்குவது பள்ளிச் சட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது. பெரிய கையுறையைச் சின்னக் கை மூட முடியாது. பந்து உள்ளே வந்து வெளியே போய்விடும்.

பேஸ்பால் கையுறையும் வேண்டாம். பேஸ்பால் பந்தின் சுற்றளவு 9 அங்குலம், சாஃப்ட்பால் பந்தின் சுற்றளவு 12. சிறுவர் பேஸ்பால் கையுறையின் குழி ஆழம் போதாமல் பந்து விளிம்பில் பட்டுத் தெறிக்கும்.

ரெக்சின் போன்ற செயற்கைத் தோல் மலிவுதான், ஆனால் மடிகிற இடத்தில் முதலில் உரியும், எவ்வளவு பழக்கினாலும் படியாது. மாட்டுத்தோல் நீண்ட நாள் உழைக்கும், புதிதில் விறைப்பு அதிகம். பத்து வயதுக்குக் கீழே என்றால் பன்றித்தோலில் செய்தது மென்மையாக இருக்கும். தோலைப் பற்றி வீட்டில் மறுப்பு இருந்தால் வாங்குமுன்பே விவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் தாமாகச் சொல்ல மாட்டார். கடையில் நேரில் வாங்கினால் ஒரே சோதனை: பிள்ளை ஒரு கையாலேயே அதைப் பாதியாவது மூட முடிகிறதா?

3. பழக்குவது

புதுக் கையுறையை மறுநாளே திடலுக்கு அனுப்பினால் பிள்ளைக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

முதல் நாள், கையுறைக்கென விற்கும் தோல் களிம்பை இருபது காசு நாணய அளவு மட்டும் துணியில் எடுத்துக் குழியிலும் மடிப்புகளிலும் மெல்லத் தேயுங்கள். களிம்பு கிடைக்காவிட்டால் வாஸ்லைன், அதிலும் பாதி. ஓர் இரவு அப்படியே விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் அதைக் குடித்துக் கனத்துவிடும், தூசியை இழுக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டாம் நாளிலிருந்து தினமும் ஐந்து நிமிடம் கட்டைவிரல் பக்கத்தையும் சுண்டுவிரல் பக்கத்தையும் ஒன்றோடொன்று சேரும்படி மடித்து மடித்துத் திறக்க வேண்டும். பிறகு பிள்ளை கையுறையை மாட்டிக்கொண்டு, மறு கையால் பந்தைக் குழிக்குள் ஓங்கி ஓங்கிப் போடட்டும், ஐம்பது தடவை. ஒவ்வொரு முறையும் விழுகிற இடம் ஒன்றாக இருக்க வேண்டும்: ஆள்காட்டி விரலுக்கு அடியில், வலைக்கு (கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள பின்னல்) சற்றுக் கீழே. உள்ளங்கை நடுவில் போட்டுப் பழக்கினால் குழி அங்கேயே அமைந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு பந்துக்கும் கை வலிக்கும், பிள்ளைக்குப் பந்தென்றாலே பயம் வரும். "என் பிள்ளை பயந்தாங்கொள்ளி" என்று அலுத்துக்கொள்ளுமுன் குழி எங்கே அமைந்திருக்கிறது என்று பாருங்கள்.

இரவில் பந்தைக் குழியில் வைத்து மூடி இறுக்கிக் கட்டுங்கள். இதற்கென்று பட்டை விற்கிறார்கள், தேவையே இல்லை. மோட்டார் சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்; இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டி இரண்டு மூன்று வளையம் போட்டால் போதும். சாதாரண ரப்பர் பேண்ட் தோலில் கோடு பதிக்கும்.

சுடுநீரில் முக்குவது, அடுப்பில் காட்டுவது, வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் போட்டு வைப்பது எல்லாம் காணொளிகளில் வரும் குறுக்குவழிகள். தோல் சீக்கிரம் இளகும், அதைவிடச் சீக்கிரம் வெடிக்கும்.

4. மழையும் பூஞ்சணமும்

மாலைப் பயிற்சி என்றாலே மழையில் நனையும். வீட்டுக்கு வந்ததும் செம்மண்ணைத் துடைத்து, உள்ளே நாளிதழைக் கசக்கித் திணித்து, மின்விசிறிக்கு முன் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். வெயிலிலும் காய வைக்காதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். காய்ந்த பிறகும் பையில் போட்டு மூடாமல் ஆணியில் தொங்கவிடுங்கள். வெள்ளைப் பூஞ்சணம் வந்துவிட்டால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போய்விடும்.

5. வாசலில் பத்து நிமிடம்

பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். மூன்று மீட்டர் தூரத்தில், முதலில் கையுறை இல்லாமல் டென்னிஸ் பந்து, பிறகு கையுறையோடு. இடுப்புக்கு மேலே வரும் பந்துக்கு விரல் நுனி வானத்தைப் பார்க்க வேண்டும், கீழே வருவதற்குத் தரையைப் பார்க்க வேண்டும். பாவம் சின்னப் பிள்ளை என்று உயரத் தூக்கிப் போடாதீர்கள், அது நேரே முகத்துக்கு இறங்கும். நெஞ்சுக்கு நேராக, மெதுவாக, கிடையாக வீசுங்கள். பிள்ளை முகத்தைத் திருப்ப ஆரம்பித்தால் மறுபடி டென்னிஸ் பந்துக்குப் போய்விடுங்கள்.

கிரிக்கெட் தெரிந்த மாமாக்களுக்கு ஒரு வேண்டுகோள். இதில் மட்டையோடு ஓடக் கூடாது, அடித்ததும் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும், அதையும் வீசி எறியாமல். முதல் தளத்தை (அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸ்) மிதித்த வேகத்திலேயே நேராகத் தாண்டி ஓடலாம், அவுட் ஆகாது. இரண்டாம், மூன்றாம் தளங்களில் அந்தச் சலுகை இல்லை. வேலிக்கு வெளியே நின்று "நில்லு, நில்லு!" என்று கத்துவதால்தான் பல பிள்ளைகள் முதல் தளத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து அவுட் ஆகிறார்கள்.

6. போட்டி நாள்

தோடு, மூக்குத்தி, வளையல், கைக்கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். நீளமான முடியைக் கழுத்தடியில் ஒற்றைப் பின்னலாகப் போட்டால்தான் தலைக்கவசம் சரியாக உட்காரும். உச்சிக்கொண்டை போட்டால் கவசம் நெற்றிக்கு இறங்கிக் கண்ணை மறைக்கும். காலணிக்கு ரப்பர் முள் வைத்த காற்பந்துக் காலணியே போதும். உலோக முள் சிறுவர் ஆட்டத்துக்கு ஆகாது.

ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே பசியாறிவிட வேண்டும். இட்லி, ரொட்டி, வாழைப்பழம் நல்லது. சம்பல் நிறைய போட்ட நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) ஆட்டம் முடிந்து வாங்கிக் கொடுங்கள். தண்ணீர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அரை கிளாஸ், தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் திடலைவிட்டு வகுப்பறைக்கோ காருக்கோ போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை திரும்பக் கூடாது. சுவர் இல்லாத தகரக் கொட்டகையும் பெரிய மரத்தடியும் பாதுகாப்பான இடமல்ல.

பிற்சேர்க்கை: கயிறு அறுந்தால்

இதைக் கேட்டு எழுதியவர்கள் நிறைய. வலைப்பகுதிக் கயிறுதான் முதலில் அறும். கையுறையைத் தூக்கிப் போடாதீர்கள். அறுந்த கயிற்றை உருவுமுன் அது எந்த ஓட்டையில் நுழைந்து எதில் வருகிறது என்று இரு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உருவிவிட்டால் வழி கண்டுபிடிப்பது பெரும்பாடு. மாற்றுத் தோல் கயிறு 72 அங்குல நீளத்தில், 3/16 அங்குல அகலத்தில் இணையத்தில் கிடைக்கும். முனையைச் சாய்வாக வெட்டி, வளைத்த கம்பியில் கோர்த்து இழுத்தால் நுழையும். பொறுமை இல்லாதவர்கள் கயிற்றையும் படத்தையும் கடைத்தெரு அஞ்சடியில் (கடை முன் நடைபாதை) செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துவிடலாம். கயிறு வந்து சேரும்வரை நைலான் ஷூ லேஸ் தாங்கும். பருத்தி லேஸ் ஒரு மழைக்கே தொங்கிவிடும்.